தூரத்து இணைய இணைப்பு: பவரைக் கூட்டுவதா, அன்ரெனாவைப் பெருப்பிப்பதா?

இணைய வசதி எட்டாத ஒரு கிராமத்துக்கு, பத்துக் கிலோமீற்றர் அப்பாலுள்ள ஓரிடத்திலிருந்து கம்பியில்லாமல் இணைப்பைக் கொண்டுவர ஒரு சங்கம் முடிவு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் உறுப்பினர்கள் பட்டினத்துக் கடையொன்றில் விசாரித்தால், 'பூஸ்ரர்' என்ற சிறு பெட்டியொன்றை அவர்களுக்கு எடுத்துக் காட்டக்கூடும். பவரைக் கூட்டினால் தூரம் கூடும் என்பது கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அது மிகவும் பலவீனமான நியாயம் என்பது தெரியவரும். இந்தக் கட்டுரையில் நாம் அந்தக் கணக்கையே போட்டுப் பார்க்கப் போகிறோம்.

இது வீண் ஆராய்ச்சி அன்று. 2020இலும் 2021இலும் பாடசாலைகள் மூடப்பட்டிருந்த காலத்தில், கைத்தொலைபேசிக்கு அலை தேடிப் பிள்ளைகள் மரத்திலும் மலையிலும் ஏறிய நாடு இது. இன்று சந்தை விலை அறிவதற்கும், விண்ணப்பப் படிவம் எடுப்பதற்கும், வெளிநாட்டிலுள்ள உறவினரோடு பேசுவதற்கும் இணையம் வேண்டியிருக்கிறது. இடம்பெயர்ந்தும் மீளக்குடியேறியும் வாழும் குடும்பங்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த சந்தாப் பணம் ஒருமுறைதான் சேரும். அது பிழையான பெட்டிக்குப் போய்விட்டால் மறுமுறை சேர்ப்பது கடினம். (கைத்தொலைபேசிக் கோபுரத்தின் அலை நன்றாகக் கிடைக்கும் ஊருக்கு இந்தப் பாடு எதுவும் தேவையில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.)

382 கிலோமீற்றர்

வெனிசுவேலா நாட்டின் மெரிடா நகரில் எர்மான்னோ பியெத்ரோசெமொலி என்ற பேராசிரியர் இருந்தார். தென்னமெரிக்க நாடுகளின் கிராமங்களுக்கு இணைப்புக் கொடுக்கும் முயற்சிகளில் நெடுங்காலம் ஈடுபட்டவர். 2006 ஏப்ரலில் அவரும் அவரது குழுவினரும் 279 கிலோமீற்றர் தூரத்துக்குக் கம்பியில்லா இணைப்பை ஏற்படுத்தினர். 2007இல் அதே முறையை 382 கிலோமீற்றர் தூரத்துக்கு நீட்டினர். இலங்கையின் முழு நீளமே ஏறத்தாழ 432 கிலோமீற்றர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இது எத்தகைய தூரம் என்பது விளங்கும்.

அவர்கள் பயன்படுத்தியது இராணுவத் தளபாடமோ விலையுயர்ந்த விசேட கருவியோ அல்ல. வீட்டு மேசையில் வைக்கும் லிங்சிஸ் நிறுவனத்தின் சாதாரண றவுட்டர். அது வெளியிடும் சக்தி ஏறத்தாழ 100 மில்லிவாற், அதாவது ஒரு வாற்றில் பத்தில் ஒன்று. சிறிய ரோச் பல்புக்குக்கூடப் போதாத சக்தி அது. பூஸ்ரர் எதையும் அவர்கள் பொருத்தவில்லை. பொருத்தியது பெரிய அன்ரெனாக்களை. அதிலும் செய்மதித் தொலைக்காட்சிக்குப் பாவித்துக் கழித்த பழைய தட்டு ஒன்றையே எடுத்துப் பயன்படுத்தினர். ஒரு முனை 4,000 மீற்றருக்கும் அதிகமான உயரத்தில் அந்தீஸ் மலையில் இருந்தது. மறுமுனையும் மலையுச்சிதான். பூமி உருண்டையானது என்பதால், இவ்வளவு தூரத்தில் நடுவழியில் நிலம் ஏறத்தாழ 2,000 மீற்றர் மேலெழுந்து மறிக்கும். மலையில் ஏறியதன் காரணம் அதுவே.

தூரம் கூடும்போது இன்னொரு சிக்கலும் வரும். சாதாரண றவுட்டர் ஒவ்வொரு தகவல் துண்டையும் அனுப்பிவிட்டு 'கிடைத்தது' என்ற பதிலுக்காகச் சிறிது நேரம் காத்திருக்கும். அறைக்குள் பேசுவதற்கென்று வைத்த நேரம் அது. அலை 300 மீற்றர் செல்ல ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு எடுக்கும். 382 கிலோமீற்றர் போய்த் திரும்பி வரும்வரை றவுட்டர் பொறுத்திருக்காது. பதில் வரவில்லை என்று எண்ணி மீண்டும் மீண்டும் அனுப்பிக் கொண்டேயிருக்கும். அமெரிக்காவின் பேர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர் குழுவொன்று இதற்கு மாற்று மென்பொருள் எழுதியது. இரு முனைகளும் நேரம் வகுத்து முறைவைத்துப் பேசுகின்ற ஏற்பாடு அது. வயலுக்கு முறைவைத்து நீர் பாய்ச்சுகின்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அந்த மென்பொருளோடு இரு திசையிலும் செக்கனுக்கு ஏறத்தாழ 3 மெகாபிற் வேகம் கிடைத்தது. இன்று வெளிப்புற இணைப்புக்கென விற்கப்படும் பெட்டிகளில் தூரத்தைக் குறிப்பிடும் இடம் அமைப்புப் பக்கத்திலேயே உண்டு. அதைச் சரியாக நிரப்பாமல் விட்டுவிட்டு, அலை பலமாக இருந்தும் வேகமில்லையே என்று திகைப்பது வீண்.

அன்ரெனா செய்வது என்ன?

அன்ரெனா புதிதாகச் சக்தியை உண்டாக்குவதில்லை. ரோச் லைற்றின் பல்பைக் கழற்றி வெறுமனே எரியவிட்டால் அறை மங்கலாக வெளிக்கும். அதே பல்பு, அதே பற்றரி, பின்னால் வெள்ளித்தட்டு இருந்தால் வளவின் மறுகோடி தெரியும். எல்லாப் பக்கமும் சிதறியதை ஒரு பக்கம் திருப்பியதுதான் வேறுபாடு.

இதுவரை பலருக்கும் தெரியும். பலரும் கவனியாதது அடுத்த பாதி. அன்ரெனா பேசுவதற்கு மட்டுமன்றிக் கேட்பதற்கும் அதே அளவு உதவுகிறது. காதுக்குப் பின்னால் கையைக் குவித்துப் பிடிப்பது போன்றது அது. பூஸ்ரர் உரத்துக் கத்துவதற்கு மட்டுமே உதவும். எதிர் முனையிலிருந்து வரும் மெல்லிய குரலை அது தெளிவாக்காது. பெருக்கினாலும், இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். இணையமோ இரு வழிப் பேச்சு. நீங்கள் கத்துவது அங்கே கேட்டு, அங்கிருந்து வருவது இங்கே கேட்காவிட்டால் ஒரு பக்கமும் திறக்காது.

தொலைக்காட்சிக்குப் பூஸ்ரர் உதவியதே என்று சிலர் கேட்கலாம். எண்பதுகளின் பிற்பகுதியில் கொடைக்கானலிலிருந்து ஒளிபரப்பான தூரதர்சனைப் பார்ப்பதற்காக நீண்ட குழாய்களில் அன்ரெனா கட்டியவர்கள் யாழ்ப்பாணத்தில் பலர். ஆனால் தொலைக்காட்சி கேட்பதோடு சரி, பதில் பேசுவதில்லை. உச்சியில் பொருத்திய பூஸ்ரர் நீண்ட வயரில் ஏற்படும் இழப்பை ஈடுசெய்தது, அவ்வளவே. அன்றும் படத்தைக் கொண்டுவந்தது குழாயின் உயரமும் அன்ரெனாவைத் திருப்பிய திசையும்தான்.

பத்துக் கிலோமீற்றருக்கு ஒரு கணக்கு

தொழில் தெரிந்தவர்கள் இதை டெசிபெல் என்ற அளவில் கணக்கிடுவர். அதில் இரண்டு விடயங்கள் தெரிந்தால் போதும். 3 கூடினால் சக்தி இரு மடங்கு. 10 கூடினால் பத்து மடங்கு. குறைந்தாலும் அவ்வாறே. பெருக்கலும் வகுத்தலும் வெறும் கூட்டல் கழித்தலாக மாறிவிடுவதால், வரவு செலவுக் கொப்பியில் எழுதுவதுபோல் எழுதலாம். ஒரு மில்லிவாற் என்பது பூச்சியம். அப்படியானால் 100 மில்லிவாற் என்பது 20, ஒரு வாற் என்பது 30.

வை-ஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹேட்ஸ் அலையில், மறைப்பு எதுவும் இல்லாத 10 கிலோமீற்றர் வெளியில் ஏற்படும் இழப்பு 120. இது எவராலும் குறைக்க முடியாத செலவு. தூரம் இரட்டித்தால் இன்னும் 6 சேரும். அதாவது தூரத்தை இரட்டிப்பாக்கப் பவரை நான்கு மடங்காக்க வேண்டும். பவரை நம்பினால் எவ்வளவு விரைவில் கையில் உள்ளது கரைந்துவிடும் என்பதற்கு இதுவே சான்று.

வீட்டு றவுட்டரின் சிறு அன்ரெனா இரு முனையிலும் இருக்கிறது என்போம். ஒவ்வொன்றும் தருவது 2. வரவு 20, 2, 2. செலவு 120. மறுமுனைக்குப் போய்ச் சேருவது –96. நல்ல வேகத்தில் பேசுவதற்கு மறுமுனையிலுள்ள பெட்டிக்கு –75 அளவிலாவது வேண்டும் என்று கொள்வோம். 21 குறைகிறது. ஒரு வாற் பூஸ்ரர் வாங்கினால் 10 கூடும். அப்போதும் 11 குறைவு. பணம் போயிற்று, இணைப்பு வரவில்லை.

இனிப் பூஸ்ரரை விட்டுவிட்டு, இரு முனையிலும் 24 டெசிபெல் தரும் கம்பிவலைத் தட்டு அன்ரெனா வைக்கிறோம். வரவு 20, 24, 24. செலவு 120, இரு பக்க வயரில் இழப்பு 4. சேருவது –56. தேவைக்கு மேல் 19 மிச்சம். மழை, நனைந்த இலை, சற்றே திரும்பிய தட்டு, துருப்பிடித்த மூட்டு எல்லாவற்றுக்கும் சேமிப்பில் வைக்க இந்த மிச்சம் வேண்டும். பத்துக்கும் குறைவான மிச்சத்தோடு இணைப்பை அமைப்பது, விதைநெல்லையும் சேர்த்துக் குற்றிவிடுவதற்குச் சமம்.

சட்டம் ஒன்றும் உண்டு

அன்ரெனாவிலிருந்து ஒரு திசையில் வெளிப்படும் மொத்தப் பலத்துக்கு நாடுகள் எல்லை வைத்திருக்கின்றன. இந்தியாவில் 2005இல் 2.4 கிகாஹேட்ஸ் அலை அனுமதிப்பத்திரமின்றி வெளியிடங்களில் திறந்துவிடப்பட்டபோது, பெட்டியின் சக்தி 1 வாற்றுக்கும், அன்ரெனாவின் பலத்தையும் சேர்த்தால் 4 வாற்றுக்கும் மேற்படக் கூடாது என்று விதிக்கப்பட்டது. இலங்கையில் இவற்றைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு நிர்வகிக்கிறது. எந்த அலை, எவ்வளவு சக்தி, அனுமதி வேண்டுமா என்பதை வாங்குவதற்கு முன் ஆணைக்குழுவிடமே எழுத்தில் கேட்பது நல்லது. கடைக்காரரின் வாய்ச்சொல் போதாது. கைத்தொலைபேசி அலையைப் பெருக்கும் பூஸ்ரர்கள் விடயத்தில் இது மேலும் முக்கியம். அவை கோபுரத்தையே குழப்பி, அயலூர்களின் பேச்சையும் கெடுக்க வல்லவை. அத்தகைய இடத்தில் கோபுரத்தை நோக்கித் திருப்பிய வெளி அன்ரெனாவைப் பூட்டக்கூடிய றவுட்டர் ஒன்றே அதைவிட நல்ல வேலை செய்யும்.

எல்லையொன்று இருக்கும்போதுதான் அன்ரெனாவின் பெருமை முழுமையாகத் தெரிகிறது. உதாரணத்துக்கு அந்த 4 வாற் விதியையே எடுப்போம். டெசிபெல் கணக்கில் அது 36. ஒருவர் ஒரு வாற் பெட்டியோடு 8 டெசிபெல் சிறு அன்ரெனா வைக்கிறார். வயரில் 2 போக, வெளிவருவது சரியாக 36. மற்றவர் பெட்டியை 25 மில்லிவாற்றுக்குக் குறைத்து 24 டெசிபெல் தட்டை வைக்கிறார். அவருக்கும் 36தான். காற்றில் இருவரும் சமம். ஆனால் மறுமுனையிலும் அவரவர் அதே அன்ரெனாவையே வைத்தால், முதலாமவரின் பெட்டிக்குக் கிடைப்பது –78, மற்றவருக்கு –62. சக்தியில் நாற்பதில் ஒரு பங்கைச் செலவழித்தவருக்கு நாற்பது மடங்கு கூடுதலாகக் கேட்கிறது. பற்றரியிலும் சூரிய ஒளியிலும் நடத்த வேண்டிய நிலையத்துக்கு இதைவிட இலாபம் வேறு என்ன வேண்டும்?

எந்த அன்ரெனாவை வாங்குவது என்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். தடிபோல நிமிர்ந்து நிற்பது எல்லாத் திசைக்கும் பரப்பும். ஊருக்குள் பகிர்வதற்கு உரியது, தூரத்துக்கு அன்று. சதுரத் தட்டையான 'பனல்' வகை சில கிலோமீற்றருக்குப் போதும். பத்து, இருபது கிலோமீற்றருக்குக் குழிந்த தட்டே வேண்டும். கம்பிவலைத் தட்டில் காற்று நுழைந்து போகும் என்பதால் குழாய்க்குப் பாரம் குறைவு. 5.8 கிகாஹேட்ஸ் அலையில் இதே பருமனுள்ள தட்டு கூடுதல் பலம் தரும், நெரிசலும் பொதுவாகக் குறைவு. எந்த வகையாயினும் இரு முனையிலும் நிறுத்தும் முறை ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று நிமிர்ந்தும் மற்றது படுத்தும் இருந்தால் நூறில் ஒரு பங்குதான் போய்ச் சேரும்.

பனைகளுக்கு மேலே

மேலே போட்ட கணக்கெல்லாம் இரு முனையும் ஒன்றையொன்று காணும்போதே பொருந்தும். பனங்கூடலோ காடோ நடுவில் நின்றால் ஒரு வாற் என்ன, பத்து வாற்றும் பயன்படாது. இலையில் உள்ள நீர் இந்த அலையைக் குடித்துவிடும். மாரியில் நனைந்த இலை இன்னும் அதிகமாகக் குடிக்கும். கோடையில் அமைத்த இணைப்பு ஐப்பசி மழையோடு நின்றுபோவதற்கு இது பெரும்பாலும் காரணமாகும்.

கண்ணுக்குத் தெரிந்தாலும் போதாது. அலை நூல் பிடித்தாற்போலச் செல்வதில்லை. நடுவில் பருத்து இரு முனையிலும் ஒடுங்கிய வெள்ளரிக்காய் போன்ற வெளியை நிறைத்துக்கொண்டு செல்கிறது. 10 கிலோமீற்றர் தூரத்தில், 2.4 கிகாஹேட்ஸ் அலைக்கு, நடுவழியில் அதன் ஆரை ஏறத்தாழ 18 மீற்றர். அதில் ஐந்தில் மூன்று பங்காவது, அதாவது 11 மீற்றராவது, தடையின்றி இருக்க வேண்டும். நிலத்தின் வளைவுக்கு இன்னும் ஒன்றரை மீற்றர். ஆகவே வெறும் வயல் வெளியிலேயே இரு முனையிலும் பன்னிரண்டு, பதின்மூன்று மீற்றர் உயரம் தேவை. நடுவில் இருபது மீற்றர் பனை நின்றால் முப்பது மீற்றரைத் தாண்டும். அத்தகைய கோபுரத்துக்கு ஆகும் செலவு மற்றெல்லாச் செலவையும் விழுங்கிவிடும். எனவே தண்ணீர்த் தாங்கி, குளக்கட்டு, மாடிக் கட்டடம், சிறு குன்று என்று உயரமாக ஏற்கெனவே இருப்பதைத் தேடுவதே முதல் வேலை. நேரே காண முடியாவிட்டால் இரண்டையும் காணக்கூடிய மூன்றாம் இடமொன்றில் இடைநிலையம் வைக்கலாம். நேபாளத்தில் மகாபீர் புன் என்ற ஆசிரியர் நங்கி என்னும் தம் மலைக்கிராமத்துக்கும் அயற்கிராமங்களுக்கும் இவ்விதமே இணைப்புக் கொடுத்தார். தொடக்க காலத்தில் கோபுரம் கட்டப் பணமில்லாமல் மரங்களிலேயே அன்ரெனாக்களைக் கட்டினார்கள். 2007இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

உயரத்தில் அன்ரெனா, கீழே அறையில் பெட்டி, இடையில் நீண்ட வயர் என்ற அமைப்பைத் தவிர்க்க வேண்டும். மெல்லிய கறுப்பு வயர் இந்த அலையில் மீற்றருக்கு ஏறத்தாழ ஒரு டெசிபெல் தின்னும். பத்து மீற்றர் வயர் என்றால் பத்தில் ஒன்பது பங்கு வயரிலேயே சூடாகிப் போய்விடும். பெட்டியை மழை படாத உறைக்குள் வைத்து அன்ரெனாவோடு சேர்த்து மேலேயே கட்டி, கணனிக்குப் பாவிக்கும் வலையமைப்புக் கேபிளைக் கீழே இறக்கினால் அந்த இழப்பு இல்லை. அதே கேபிளில் மின்சாரத்தையும் மேலே அனுப்பலாம். நூறு மீற்றர்வரை அது தாங்கும். மூட்டுகளை நீர் புகாத இறப்பர் நாடாவால் சுற்றுங்கள். குழாயிலிருந்து நிலத்துக்கு இடிதாங்கி வயரும் கட்டாயம் வேண்டும்.

தேனியும் தர்மசாலாவும்

தமிழ்நாட்டின் தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை இத்தகைய இணைப்புகளைப் பயன்படுத்தியது. மேலே சொன்ன பேர்க்லி ஆய்வாளர்களே அமைத்துக் கொடுத்தவர்கள். 2006இல் ஐந்து கிராமக் கண் பரிசோதனை நிலையங்கள் இவ்வாறு இணைக்கப்பட்டிருந்தன. கிராமத்தில் தாதி நோயாளியின் கண்ணைப் பார்க்க, தேனியிலுள்ள வைத்தியர் திரையில் நோயாளியோடு முகம் பார்த்துப் பேசினார். பஸ் ஏறிப் போய் ஒரு நாட்கூலியை இழக்க வேண்டிய தேவை பலருக்கு இல்லாமற் போயிற்று. சில ஆண்டு அனுபவத்தின் பின் ஆய்வாளர்கள் எழுதி வைத்தது கவனத்துக்குரியது. கோளாறுகளில் மிகப் பெரும்பாலானவை அலையால் வந்தவை அல்ல, ஏறி இறங்கும் மின்சாரத்தால் வந்தவை.

ஆகவே பூஸ்ரருக்கு வைத்த பணத்தைப் பற்றரிக்கும் மின் கட்டுப்பாட்டுக் கருவிக்கும் திருப்புவது நல்லது. வெளிப்புறப் பெட்டி ஒன்று 8 வாற் எடுக்கும் என்றால் நாளொன்றுக்கு 192 வாற்-மணி. 12 வோல்ற், 40 அம்பியர்-மணி பற்றரியைப் பாதிக்கு மேல் இறக்காமல் பாவித்தால் 240 கிடைக்கும். 80 வாற் சூரியத்தகடு ஒன்று நல்ல வெயிலில் அதை நிரப்பிவிடும். மாரி முகில் மூடும் நாட்களுக்கு இன்னொரு பற்றரி வேண்டும்.

இமயமலை அடிவாரத்தில் தர்மசாலா என்ற ஊரில் திபெத்திய அகதிகள் 1960ஆம் ஆண்டு முதல் வாழ்கிறார்கள். 2005இல் அங்கு பாடசாலைகளையும் அலுவலகங்களையும் இணைத்துக் கம்பியில்லா வலையமைப்பு ஒன்று உருவானது. அங்குள்ள பெருந்தொல்லை குரங்குகள். அன்ரெனாக்களில் தொங்கி ஊஞ்சலாடித் திசையை மாற்றிவிடும். அதற்கேற்பப் பிடிகளைப் பலமாக்கினார்கள். எமது பகுதியிலும் குரங்கு உண்டு, வாடைக்காற்றும் உண்டு.

சொந்தக் காணிக்கு என்றாவது திரும்புவோம் என்றிருக்கும் குடும்பங்கள் கொங்கிறீற்றில் புதைத்த கோபுரத்தைவிட, கம்பியிழுத்து நிறுத்திய இரும்புக் குழாயைத் தெரிவது பொருத்தம். கழற்றி எடுத்துப் போகலாம். பெட்டியும் தட்டும் எந்த ஊரிலும் வேலை செய்யும். குழாய் நிற்பது யாருடைய காணி, சாமான் யாருடைய பெயரில், பூட்டின் திறப்பு யாரிடம் என்பதைக் கூட்டக் குறிப்பில் எழுதி வைத்தல் அவசியம்.

கடைசியாகத் திசை பிடித்தல். 24 டெசிபெல் தட்டின் கதிர் ஏறத்தாழ 8 பாகை அகலமே கொண்டது. இரு முனையிலும் ஒவ்வொருவர் தொலைபேசியோடு நிற்க வேண்டும். ஒருவர் தட்டை அசைக்கும்போது மற்றவர் அசைக்கக் கூடாது. மெல்லத் திருப்பினால் அலை ஏறி, இறங்கி, மீண்டும் ஏறும். முதலில் அகப்படும் ஏற்றம் பக்கவாட்டில் கசியும் அலையாகவும் இருக்கலாம். அதோடு நின்றுவிடாமல் இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்து, எல்லாவற்றிலும் உயர்ந்ததைத் தேருங்கள். பின்பு மேலும் கீழுமாகச் சரித்துப் பாருங்கள். கணக்கில் –56 என்று வந்து பெட்டி –70 காட்டினால் ஏதோ தடை நிற்கிறது அல்லது மூட்டு சரியில்லை என்று பொருள். சரியாக வந்ததும் சுரையை இறுக்கி, குழாயிலும் பிடியிலும் சேர்த்து ஒரு கோடு வர்ணம் பூசிவிடுங்கள். புயலடித்த மறுநாள் தட்டு திரும்பியிருக்கிறதா என்பதை நிலத்தில் நின்றபடியே அந்தக் கோட்டைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.